மக்களின் மறுப்பும் கட்சிகளின் கடமையும்

அரசியற் கட்சியொன்று மக்களின் குரலாக இருத்தல் வேண்டுமா, அன்றி மக்களுக்கு வழிகாட்டியாக இருத்தல் வேண்டுமா என்பது ஜனநாயகத்தோடு உடன்பிறந்த கேள்வி. இரண்டும் தாமே என்று கூறிக்கொள்வது கட்சிகளின் வழக்கம். கட்சி விரும்பும் திசையும் மக்கள் விரும்பும் திசையும் ஒன்றாயிருக்கும் வரை இக்கூற்றினாற் கேடில்லை. இரண்டும் எதிரெதிரே திரும்பும் வேளையிலேயே கட்சியின் உண்மை இயல்பு வெளிப்படுகின்றது. மக்கள் வேண்டாம் என்கின்றனர். கட்சியோ வேண்டும் என நம்புகின்றது. அந்நிலையில் நேர்மையுள்ள கட்சி செய்யவேண்டியது யாது? இதனை அரசியல் தந்திரம் பற்றிய கேள்வியாகக் கருதுவோர் பலர். நாம் இதனை அறம் பற்றிய கேள்வியாகவே கொள்கின்றோம்.

இக்கேள்வியை ஆராய்வதற்கு ஐரோப்பிய ஒருங்கிணைப்பின் வரலாற்றினும் தெளிவான உதாரணம் கிடைத்தல் அரிது. 1951ஆம் ஆண்டில் ஆறு நாடுகளுடன் தொடங்கிய அம்முயற்சி இன்று இருபத்தேழு நாடுகளைக் கொண்ட ஒன்றியமாக வளர்ந்துள்ளது. அவ்வளர்ச்சியின் முக்கியமான கட்டங்களிற் பல நாடுகளில் மக்களிடம் நேரடியாகக் கருத்துக் கேட்கப்பட்டது. கட்சித் தலைமைகள் பெரும்பாலும் ஒருபுறம் நிற்க, மக்கள் பலமுறை மறுபுறம் நின்றனர். முற்போக்குச் சிந்தனையாளருக்கு இவ்வரலாறு சங்கடந் தருவது. சர்வதேசியம் எமது இலட்சியம்; உழைக்கும் மக்களின் விருப்பம் எமக்குப் புனிதமானது. இவ்விரண்டும் மோதும் களத்தில் நாம் எதன் பக்கம் நிற்பது?

ஐரோப்பா எமக்கு அந்நியமான பொருள் எனக் கருதுவதற்கும் இடமில்லை. எம்மவர் பல்லாயிரவர் லண்டனிலும் பாரிசிலும் ஜேர்மனிய நகரங்களிலும் நோர்வேயிலும் குடியேறி வாழ்கின்றனர். இலங்கைக்கு வழங்கப்பட்ட வரிச்சலுகையைப் பிரசெல்ஸ் 2010இல் நிறுத்தியபோதும் 2017இல் மீண்டும் அளித்தபோதும் அதன் விளைவு ஆடைத் தொழிற்சாலைகளில் வேலைசெய்யும் எம்நாட்டுப் பெண்களின் வாழ்வைத் தொட்டது. அங்கே தீர்மானங்கள் எவ்வாறு எடுக்கப்படுகின்றன என்பதை அறியும் உரிமை எமக்கும் உண்டு.

ஐக்கிய ஐரோப்பா என்னும் எண்ணம் வங்கியாளரின் மூளையில் மட்டும் உதித்ததன்று. 1941இல் முசோலினியின் ஆட்சி தன் எதிரிகளை அடைத்து வைத்திருந்த வெந்தோதேனே என்னும் சிறுதீவில், அல்தியேரோ ஸ்பினெல்லி, ஏர்னெஸ்தோ றொஸ்ஸி என்னும் இரு கைதிகள் ஒரு பிரகடனத்தை எழுதினர். சக கைதியான யூஜெனியோ கொலோர்னியும் அதற்குத் துணைநின்றார். கொலோர்னியின் மனைவி உர்சுலா ஹிர்ஷ்மான் அதனைத் தீவிலிருந்து வெளியே கொண்டுசெல்ல உதவினார். தேசிய அரசுகள் தனித்தனியே இறைமை கொண்டாடும் வரை யுத்தம் ஒழியாது, உழைப்போர் விடுதலையும் கைகூடாது என்பது அவர்களது வாதம். பாசிசத்தின் சிறையிலிருந்து எழுந்த அவ்வாதத்தின் நேர்மையை எவரும் ஐயுறார்.

ஆயின், போருக்குப் பின் எழுந்த கட்டடம் அக்கைதிகள் வரைந்த படத்தின்படி அமையவில்லை. 1950 மே 9இல் பிரெஞ்சு வெளிநாட்டமைச்சர் ரொபேட் சூமன் வெளியிட்ட அறிக்கையை அடுத்து, 1951இல் நிலக்கரி உருக்குச் சமூகமும் 1957இல் ரோம் ஒப்பந்தத்தின்வழிப் பொதுச் சந்தையும் உருவாயின. அமைச்சரும் அதிகாரிகளும் நிபுணருமே அவற்றை ஆக்கினர். எனினும் அக்காலத்திற் கட்சிகள் வாய்மூடியிருக்கவில்லை. ஜேர்மனியச் சமூக ஜனநாயகக் கட்சி குர்ட் ஷூமாக்கரின் தலைமையில் நிலக்கரி உருக்குச் சமூகத்தை எதிர்த்தது. அவர் மறைந்த பின் 1957இல் ரோம் ஒப்பந்தத்தை ஆதரித்தது. பிரான்சினதும் இத்தாலியினதும் கம்யூனிஸ்ட் கட்சிகள் அதனை எதிர்த்தன. இத்தாலியச் சோஷலிஸ்டுகள் பொதுச் சந்தை பற்றிய வாக்கெடுப்பில் எப்பக்கமும் சேராது நின்றனர். சரியோ பிழையோ, வாதம் வெளிப்படையாக நிகழ்ந்தது. எந்தக் கட்சி எங்கே நிற்கின்றது என்பதைத் தொழிலாளி அறிந்திருந்தான்.

மக்களோ அந்நாளில் இவ்விடயத்தில் அதிக அக்கறை காட்டினாரல்லர். வேலையும் வீடும் பெருகிவந்த காலம் அது. தலைவர்கள் செய்வதைச் செய்யட்டும் என்னும் மனோபாவம் நிலவியது. லிண்ட்பேர்க், ஷைன்கோல்ட் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1970இல் வெளியிட்ட நூலொன்றில் இதனை ‘இடங்கொடுக்கும் இசைவு’ என்னும் பொருள்படப் பெயரிட்டழைத்தனர். அப்பெயர் பொருத்தமானதே. ஆனால் இசைவு என்பது ஒன்று, எதிர்க்காமலிருத்தல் என்பது வேறொன்று. வாய் திறவாதவன் ஒப்புக்கொண்டான் என்று கணக்கெழுதும் வழக்கம் அன்றுதான் தொடங்கிற்று.

பின்னர் நிகழ்ந்தது கட்சிகளின் மனமாற்றம். பிரித்தானியத் தொழிற்கட்சியை எடுத்துக்கொள்வோம். 1971 அக்டோபர் 28இல் பொதுச் சந்தையிற் சேர்வது பற்றிப் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்பு நடந்தபோது, றோய் ஜென்கின்சின் தலைமையில் 69 தொழிற்கட்சி உறுப்பினர் கட்சிக் கட்டளையை மீறிக் கொன்சர்வேட்டிவ் அரசாங்கத்தோடு சேர்ந்து வாக்களித்தனர். பின்னர் கட்சி சர்வஜன வாக்கெடுப்பை ஏற்றபோது ஜென்கின்ஸ் துணைத்தலைவர் பதவியைத் துறந்தார். எதிரணியில் நின்ற டொனி பென்னோ, இத்தகைய தீர்மானம் மக்களுக்கே உரியதென வாதாடி அவ்வாக்கெடுப்புக்கு வழிகோலினார். 1975 ஏப்ரலிற் கூடிய கட்சியின் விசேட மாநாடு ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று என்னும் விகிதத்தில் வெளியேறுவதை ஆதரித்தது. அவ்வாண்டு ஜூன் 5இல் மக்கள் நூற்றுக்கு 67 பேர் என்னும் அளவில் உள்ளிருப்பதை ஆதரித்தனர். பென் அத்தீர்ப்பை ஏற்றுக்கொண்டார். இருவரும் எதிரெதிர்க் கருத்தினர். ஆயினும் ஒருவர் தம் நம்பிக்கைக்காகப் பதவியை இழந்தார். மற்றவர் தாம் கேட்ட தீர்ப்பு தமக்கு மாறாக வந்தபோது தலைவணங்கினார். கட்சி அரசியலில் அறத்துக்கு இடமுண்டென்பதற்கு இவை சான்று.

அக்கட்சியே 1983ஆம் ஆண்டுத் தேர்தல் விஞ்ஞாபனத்தில், மக்களை மீண்டுங் கேளாமலே வெளியேறுவதாக வாக்களித்துப் படுதோல்வியடைந்தது. 1988 செப்டம்பரில் ஐரோப்பிய ஆணைக்குழுவின் தலைவர் ஜாக் டெலோர் பிரித்தானியத் தொழிற்சங்கக் காங்கிரசுக்குச் சென்று சமூகநல ஐரோப்பா பற்றிப் பேசினார். தட்சரின் ஆட்சியிற் தோல்விமேற் தோல்வி கண்டிருந்த தொழிற்சங்கவாதிகள் அவரை ஆரவாரத்துடன் வரவேற்றனர். சொந்த நாட்டில் இழந்ததைப் பிரசெல்சிற் பெறலாம் என்னும் நம்பிக்கை அவர்களுக்குப் பிறந்தது. பிரான்சிலும் இவ்வாறே. 1981இற் சோஷலிசத் திட்டத்தோடு பதவியேறிய மித்தெரான், 1983 மார்ச்சில் ஐரோப்பிய நாணய ஏற்பாட்டினுள் நிலைத்திருப்பதற்காகத் தம் திட்டத்தின் பெரும்பகுதியைக் கைவிட்டார். கைவிட்டமையை மக்களிடம் தோல்வியென ஒப்புக்கொள்ளாது, ஐரோப்பாவே இனிப் புதிய இலட்சியம் என்றனர்.

இங்கேதான் நோய் வேரூன்றியது என நாம் கருதுகின்றோம். 1992 பெப்ரவரியிற் கைச்சாத்திடப்பட்ட மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம், நாணயத்தையும் வட்டிவீதத்தையும் தேர்தலுக்கு அப்பாற்பட்ட மத்திய வங்கியிடம் ஒப்படைத்தது. அரசின் வரவுசெலவுப் பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியின் மூன்று சதவீதத்தைத் தாண்டலாகாதென விதித்தது. இவை கணக்காளரின் நுணுக்கங்களல்ல. பள்ளிக்கூடத்துக்கும் வைத்தியசாலைக்கும் எவ்வளவு செலவிடலாம் என்னும் வர்க்க அரசியலின் மையக் கேள்வியே இங்கு தீர்க்கப்பட்டுவிட்டது. அதன் பின்னர் இடதுசாரிக் கட்சிக்கு வாக்களித்தாலும் வலதுசாரிக் கட்சிக்கு வாக்களித்தாலும் அவ்வெல்லை அசையாது. இரு பெருங்கட்சிகளும் ஒப்பந்தத்தை ஆதரித்தமையால், அதனை எதிர்க்க விரும்பிய வாக்காளன் எங்கே செல்வான்?

அயர்லாந்து அறிஞர் பீற்றர் மெயர் இந்நிலையை நுணுகி ஆராய்ந்தவர். ஒரு கொள்கையை அமைப்பினுள் நின்று எதிர்க்க வழியில்லையாயின், எதிர்ப்பு அமைப்பையே எதிர்ப்பதாக மாறும் என அவர் எச்சரித்தார். ஐரோப்பியப் பாராளுமன்றத்துக்கு முதன்முறை நேரடித் தேர்தல் நடந்த 1979இல் நூற்றுக்கு ஏறத்தாழ 62 பேர் வாக்களித்தனர். 2014இல் அத்தொகை 43க்குங் கீழே இறங்கிற்று. 2019இலும் 2024இலும் அது சற்று உயர்ந்து 51ஐ அண்மித்தது. அத்தேர்தல்களிற்கூட உள்நாட்டு அரசாங்கத்தைத் தண்டிப்பதற்கே பலர் வாக்கைப் பயன்படுத்தினர். ஐரோப்பா பற்றிக் கேட்கவேண்டிய இடத்தில் எவரும் அதுபற்றிக் கேட்கவில்லை. எனவே கேட்கப்பட்ட அரிய வேளைகளில் மக்கள் பல ஆண்டுகளாகச் சேர்ந்த பதிலை ஒரேயடியாகக் கூறினர்.

டென்மார்க்கில் மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தைப் பாராளுமன்றம் 130க்கு 25 என்னும் வாக்குகளால் ஏற்றது. 1992 ஜூன் 2இல் மக்கள் மிகச் சிறு பெரும்பான்மையால் அதனை நிராகரித்தனர். பிரான்சில் ஐரோப்பிய அரசியலமைப்பு ஒப்பந்தத்துக்கு வழிசெய்யும் திருத்தத்தை 2005 பெப்ரவரியில் இரு சபைகளும் கூடி 730க்கு 66 என்னும் வாக்குகளால் நிறைவேற்றின. மூன்று மாதங்களின் பின், மே 29இல், மக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 55 பேர் ஒப்பந்தத்தையே மறுத்தனர். அதற்கு முன்னர் 2004 டிசம்பரிற் சோஷலிஸ்ட் கட்சி தன் உறுப்பினரிடம் வாக்கெடுத்து ஆதரவு நிலையெடுத்திருந்தது. கட்சிக்கு வழமையாக வாக்களிப்போரிற் பெரும்பான்மையினரோ மறுப்புப் பக்கமே நின்றனர். கைத்தொழிலாளரில் ஐவரில் நால்வர் அளவில் மறுத்தனர் என அன்றைய கணிப்புகள் காட்டின. மூன்று நாளில் ஒல்லாந்திலும் நூற்றுக்கு 61 பேருக்கு மேல் மறுத்தனர்.

இத்தீர்ப்புகளுக்கு நேர்ந்த கதி யாவரும் அறிந்ததே. அரசியலமைப்பு என்னும் பெயர் கைவிடப்பட்டது. அதன் சாரம் 2007 டிசம்பரிற் கைச்சாத்தான லிஸ்பன் ஒப்பந்தத்துள் மறுபடி புகுந்தது. பழைய வரைவை ஆக்கிய மாநாட்டுக்குத் தலைமை வகித்த ஜிஸ்கார் தெஸ்தாங்கே, உள்ளடக்கம் பெரும்பாலும் ஒன்றுதான், ஒழுங்குதான் மாறியதென ஒளிவின்றி எழுதினார். இம்முறை பிரெஞ்சு மக்களிடமோ டச்சு மக்களிடமோ கேட்கவில்லை, பாராளுமன்றங்களே ஏற்றன. அரசியலமைப்பின்படி மக்களைக் கேட்டேயாக வேண்டிய அயர்லாந்து, 2008 ஜூனில் நூற்றுக்கு 53 பேர் என்னும் அளவில் மறுத்தது. பாராளுமன்றத்திலிருந்த கட்சிகளுள் சின் ஃபெய்ன் ஒன்றே மறுப்புக்காகப் பிரசாரஞ் செய்தது என்பது குறிப்பிடத்தக்கது. பதினாறு மாதங்களின் பின் மீண்டுங் கேட்டபோது நூற்றுக்கு 67 பேர் ஏற்றனர்.

தலைவர்களின் வாதத்தையும் நாம் நியாயமாகக் கேட்டல் வேண்டும். பல நூறு பக்கங்கொண்ட ஒப்பந்தத்தை ஆம், இல்லை என்னும் ஒரு சொல்லால் எவ்வாறு மதிப்பிடுவது? மக்கள் கேட்கப்பட்ட கேள்விக்கன்றி, விலைவாசிக்கும் வேலையின்மைக்கும் பதவியிலிருப்போர் மீதுள்ள வெறுப்புக்குமே விடையளிக்கின்றனர். பிரதிநிதி தம் அறிவைப் பயன்படுத்தவே தெரிவுசெய்யப்படுகின்றார். வாக்காளரின் தூதுவராகவன்று என எட்மண்ட் பேர்க் 1774இலேயே பிறிஸ்ற்றல் வாக்காளருக்குக் கூறவில்லையா? இவ்வாதம் வலுவற்றதன்று. கேள்வியைத் தெரிந்தெடுப்பதும் காலத்தைக் குறிப்பதும் அதிகாரத்திலுள்ளோர் கையிலிருக்கும் வரை, சர்வஜன வாக்கெடுப்பு தூய ஜனநாயகமென்று எவரும் வழிபட வேண்டியதில்லை.

இடதுசாரிகளிடமும் இதற்கு இணையான வாதமொன்று உண்டு. மக்களின் உடனடி உணர்வுக்குப் பின்னால் இழுபட்டுச் செல்லும் வாற்கொள்கையை லெனின் 1902இற் கண்டித்தார். வரலாற்றின் திசையை உணர்ந்த முன்னணி, பின்தங்கிய உணர்வை முன்னோக்கி இட்டுச்செல்ல வேண்டும் என்பது அக்கண்டனத்தின் சாரம். விந்தை யாதெனில், பழைமைவாதியான பேர்க்கின் சீடரும் புரட்சிவாதியான முன்னணிவாதியும் ஒரே வாசலில் வந்து சந்திக்கின்றனர். உனக்கு நன்மை எதுவென உன்னிலும் நாம் நன்கறிவோம் என்பதே இருவரது பேச்சும். பிரசெல்ஸ் நிபுணர் இவ்விருவரிடமும் கடன்வாங்கியவர். ஆனால் பேர்க்கைப்போல் வாக்காளர் முன் நின்று அதனைச் சொல்லும் துணிவும், முன்னணிவாதியைப்போல் மக்களோடு மக்களாய் நின்று அவர்களை வென்றெடுக்கும் உழைப்பும் அவரிடம் இல்லை.

வழிகாட்டல் என்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு என்பதே எமது கருத்து. பின்செல்பவன் மறுக்கக்கூடியவனாக இருத்தல் வேண்டும். வைத்தியர் நோயாளிக்கு அறிவுரை கூறலாம், வற்புறுத்தவும் செய்யலாம், வேண்டாம் என்றவனைக் கட்டிவைத்து அறுத்துவிட்டு உன் நன்மைக்கே செய்தேன் என்பாராயின், அறுவை வெற்றியளித்தாலும் அவர் வைத்தியத்தின் அறத்தை மீறியவரே. மறுக்க முடியாத இடத்தில் இசைவுக்கும் பெறுமதியில்லை. பிரெஞ்சுத் தொழிலாளியின் மறுப்பைச் செல்லாததாக்கியவர்கள், அதற்கு முன்னர் அவன் அளித்த ஆதரவுகளின் மதிப்பையும் அதனோடு சேர்த்துக் குறைத்துவிட்டனர்.

அவ்வாறாயின் மக்கள் விருப்பத்தைக் கேட்டுவிட்டாற் போதுமா? போதாது என்பதற்குப் பிரித்தானியா உதாரணம். 2013 ஜனவரியிற் பிரதமர் டேவிட் கமரன் சர்வஜன வாக்கெடுப்புக்கு வாக்களித்தமைக்குத் தம் கட்சியினுள் இருந்த பிளவும், வெளியே வளர்ந்துவந்த ஐக்கிய இராச்சிய சுதந்திரக் கட்சியின் போட்டியுமே முக்கிய காரணங்கள். கட்சியின் தலைவலிக்கு மருந்தாக ஒரு தேசத்தின் எதிர்காலம் பந்தயம் வைக்கப்பட்டது. வெளியேறல் என்பதன் பொருள் யாதென வகுக்கப்படவுமில்லை. 2016 ஜூன் 23இல் நூற்றுக்கு 51.9 பேர் வெளியேற வாக்களித்தனர். கமரன் விலகிச் சென்றார். தொழிற்கட்சியோ இரு தீயிடைப்பட்ட எறும்பாயிற்று. அதற்கு வாக்களித்தோரிற் பெரும்பான்மையினர் உள்ளிருக்க விரும்பினர். அக்கட்சி வென்றிருந்த தொகுதிகளிற் பெரும்பாலானவை வெளியேறலை ஆதரித்தன. ஆண்டுக்கணக்கில் இருபொருள்படப் பேசிய அக்கட்சி, ஈற்றில் இரண்டாவது வாக்கெடுப்பை வாக்களித்து 2019 டிசம்பரிற் பெருந்தோல்வியடைந்தது. 2020 ஜனவரி 31இற் பிரித்தானியா வெளியேறியது.

அவ்வாக்கெடுப்பில் ஸ்கொத்லாந்து நூற்றுக்கு 62 பேர் என்னும் அளவில் உள்ளிருக்க வாக்களித்தது; வட அயர்லாந்தும் உள்ளிருக்கவே விரும்பியது. மொத்தப் பெரும்பான்மை அவர்களையும் சேர்த்து வெளியே கொண்டுசென்றது. ஒரு நாட்டின் எண்ணிக்கைப் பெரும்பான்மை, அந்நாட்டினுள் வாழும் மற்றொரு தேசிய இனத்தின் விருப்பத்தையும் தானே தீர்மானிக்கலாமா என்னும் கேள்வியை எமது வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. பெரும்பான்மையின் வாக்கு சட்டபூர்வமானது. அதனாலேயே அது நீதியானதென ஆகிவிடாது.

கிரேக்கத்தின் கதை இன்னும் துயரமானது. சிக்கனக் கொள்கையை முறியடிப்பதாக வாக்களித்து 2015 ஜனவரியிற் சிரிசா ஆட்சிக்கு வந்தது. ஜூலை 5இற் கடன்கொடுத்தோரின் நிபந்தனைகளை மக்களிடம் வைத்தபோது நூற்றுக்கு 61 பேருக்கு மேல் மறுத்தனர். எட்டு நாள் கழித்து, ஜூலை 13இல், பிரதமர் சிப்ராஸ் கடுமையான நிபந்தனைகளுக்கு உடன்பட்டார். துரோகம் எனப் பலர் கூறினர். ஆனால் கிரேக்கரிற் பெரும்பான்மையினர் யூரோ நாணயத்தை விட்டு வெளியேறவும் விரும்பவில்லை என்பதை அக்காலக் கருத்துக் கணிப்புகள் காட்டுகின்றன. சிக்கனம் வேண்டாம்; யூரோவும் வேண்டும். இவ்விரு விருப்பங்களும் ஒன்றாய் நிறைவேற வழியில்லாத அமைப்பினுள் மக்கள் இருத்தப்பட்டிருந்தனர். சிப்ராசின் குற்றம் உடன்பட்டமையினும், அவ்விரண்டுள் ஒன்றையே தெரியலாம் என்பதை வாக்கெடுப்புக்கு முன் மக்களிடம் கூறாமையிலேயே தங்கியுள்ளது என்போம். செப்டம்பரில் அவர் மீண்டும் தேர்தலுக்குச் சென்று வென்றார் என்பதையும் நேர்மையோடு குறிப்பிடல் வேண்டும். உண்மை தெரிந்த பின் மக்கள் அளித்த தீர்ப்பு அது. ஆனால் தெரிவதற்கு வேறு வழி அப்போது எஞ்சியிருக்கவில்லை.

இவற்றுக்கு நேர்மாறான உதாரணம் நோர்வே. 1972இல் தொழிற்கட்சிப் பிரதமர் திரிக்வே பிரட்டேலி பொதுச் சந்தையிற் சேர்வதை மனமார ஆதரித்தார். தோற்றாற் பதவி விலகுவேன் என வெளிப்படையாகக் கூறி மக்களிடம் சென்றார். வடக்கினதும் மேற்கினதும் மீனவரும் விவசாயிகளும், இடதுசாரி இளைஞரும் எதிர்த்து நின்றனர். செப்டம்பர் 25இல் நூற்றுக்கு 53.5 பேர் மறுத்தனர். பிரட்டேலி சொன்னபடி விலகினார். அடுத்த ஆண்டுத் தேர்தலிற் கட்சியின் வாக்கு நூற்றுக்கு 46இலிருந்து 35ஆக வீழ்ந்தது. இடதுபுறத்தே புதிய கூட்டணியொன்று 16 ஆசனங்களை வென்றது. ஆயினும் கட்சி அழிந்துவிடவில்லை. 1977இல் இழந்த வாக்கிற் பெரும்பகுதியை மீட்டது. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து 1994 நவம்பரிற் குறோ ஹார்லெம் புருண்ட்லாண்டின் அரசாங்கம் மறுபடி கேட்டது. நூற்றுக்கு 88 பேருக்கு மேல் வாக்களித்த அத்தேர்விலும் 52 பேர் அளவில் மறுத்தனர். அம்மறுப்பும் மதிக்கப்பட்டது. சந்தையில் இடம்பெறுவதற்காக, தான் வாக்களியாத பல விதிகளை நோர்வே இன்றும் ஏற்கவேண்டியுள்ளது என்பது உண்மை. மறுப்புக்கும் விலையுண்டு. அவ்விலையை அறிந்து கொடுப்பவர் அம்மக்களே.

இதிலிருந்து, ஒருமுறை மறுத்ததை மறுபடி கேட்கவே கூடாதென்னும் முடிவுக்கு நாம் வரவில்லை. டென்மார்க்கின் மறுப்புக்குப் பின் 1992 டிசம்பரில் எடின்பரோவிற் கூடிய தலைவர்கள் நாணயம், பாதுகாப்பு முதலிய நான்கு துறைகளில் அந்நாட்டுக்கு விலக்களித்தனர். 1993 மே மாதம் மக்கள் திருத்தப்பட்ட ஏற்பாட்டை ஏற்றனர். நாணயம் பற்றி 2000இல் தனியே கேட்டபோது மறுத்தனர், மறுப்பு நிலைத்தது. 2022இற் பாதுகாப்பு விலக்கை நீக்குவது பற்றிக் கேட்டபோது நூற்றுக்கு 67 பேர் அளவில் ஏற்றனர். இங்கே மறுப்பு பொருளை மாற்றிற்று. மாறிய பொருளுக்கே இசைவு கேட்கப்பட்டது. பிரான்சிலோ மேலுறை மாற்றப்பட்டது. கேள்வி மக்களிடமிருந்து அகற்றப்பட்டது. மறுபடி கேட்பதும் மறுபடி கேளாமற் செய்வதும் ஒன்றல்ல. அயர்லாந்து இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. நடுநிலைமையும் வரிவிதிப்பும் பற்றிய உறுதிமொழிகள் கிடைத்தன. ஒப்பந்தத்தில் ஒரு சொல்லும் மாறவில்லை.

இனி, மிகக் கடினமான பகுதிக்கு வருவோம். மக்களின் மறுப்பை மதித்தல் என்றால் அம்மறுப்பினுள் இருக்கும் யாவற்றையும் போற்றுதலாகுமா? ஐரோப்பிய நாடுகளில் எழுந்த மறுப்பில் இரு குரல்கள் கலந்துள்ளன. ஒன்று, எம் கூலியையும் பள்ளியையும் வைத்தியசாலையையும் எம்மைக் கேளாமற் தீர்மானியாதே என்னும் குரல். மற்றொன்று, அந்நியனை வெளியேற்று என்னும் குரல். முதலாவதைப் பேசவேண்டிய கட்சிகள் மௌனஞ் சாதித்தமையால், இரண்டாவதைப் பேசுவோர் முதலாவதையுஞ் சேர்த்துத் தமதாக்கிக்கொண்டனர். யூரோ நாணயத்தை எதிர்த்து 2013இற் சில பொருளியற் பேராசிரியர்களுந் தொடங்கிய ஜேர்மனியக் கட்சியொன்று சில ஆண்டுகளிலேயே குடிவந்தோர் எதிர்ப்புக் கட்சியாக உருமாறியது. பிரான்சில் 2024ஆம் ஆண்டு ஐரோப்பியத் தேர்தலில் லு பென்னின் கட்சி நூற்றுக்கு 31 வாக்குகளுக்கு மேற் பெற்று முதலிடத்தை அடைந்தது. யாரும் உரிமை கோராத கோபம் வீதியிற் கிடந்தது. அவர்கள் அதனைப் பொறுக்கியெடுத்துத் தம் ஆயுதமாக்கினர்.

மறுத்தோர் யாவரும் இனவெறியர் எனத் தள்ளிவிடுவது நகரத்துப் படித்தோருக்கு எளிது. அது தொழிலாளியைக் கைவிடுவதாகும். மறுத்தோர் யாவரும் வர்க்கப் போராளிகள் எனப் புகழ்வது எம்போன்றோருக்கு எளிது. அது குடிவந்தவனைக் கைவிடுவதாகும். பாரிஸ் உணவுச்சாலையின் பின்கட்டிற் கோப்பை கழுவும் யாழ்ப்பாணத்து இளைஞனும், வேலையிழந்த வட பிரான்சின் சுரங்கத் தொழிலாளியின் மகனும் ஒரே கொள்கையின் விளைவால் நசுங்குவோர். ஒருவனை மற்றவனுக்கெதிராக நிறுத்தும் அரசியலை மக்கள் விருப்பம் என்னும் பெயரால் ஏற்க நாம் கடமைப்பட்டவரல்லர். மக்களின் தீர்ப்பை ஏற்பதும், அத்தீர்ப்பில் உள்ள தவறான எண்ணத்தை மக்களின் முகத்துக்கு நேரே நின்று எதிர்த்து வாதாடுவதும் ஒன்றுக்கொன்று முரணானவையல்ல. வாதாடுவதற்குத் தகுந்த அறிவுடையவன் என ஒருவனை மதிப்பவனே அவனோடு வாதாடுவான்.

ஆகவே கட்சியின் கடமையை மூன்றாக வகுக்கலாம். கேட்பதற்கு முன் உண்மையை முழுமையாகக் கூறுதல். எதனைத் தெரிந்தால் எதனை இழக்க நேரிடும் என்பதையும் மறையாதிருத்தல். கேட்ட பின் கிடைத்த விடைக்குக் கட்டுப்படுதல்; கட்டுப்பட இயலாதவிடத்துப் பிரட்டேலியைப்போலப் பதவியைத் துறத்தல். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள நீண்ட ஆண்டுகளில், தன் நம்பிக்கையைக் கைவிடாது, தொழிற்சங்கத்திலும் வகுப்பறையிலும் கிராமத்திலும் அதற்காக உழைத்தல். இம்மூன்றாவது கடமையே ஐரோப்பியக் கட்சிகள் பெரிதும் புறக்கணித்தது. அமைச்சர் மாநாடுகளில் ஒரே இரவில் அடையக்கூடியதை மக்களிடம் இருபதாண்டு உழைத்து அடைவதேன் என அவர்கள் எண்ணினர். அவ்விரவுகளிற் கட்டப்பட்ட கட்டடத்தினுள் வாழ்வோரிற் பலர், அதனைத் தம் வீடென இன்னும் எண்ணவில்லை.

வெந்தோதேனேயின் கைதிகளுள் ஒருவரான ஸ்பினெல்லி, 1937இலேயே இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சியிலிருந்து வெளியேற்றப்பட்டவர். நாற்பத்திரண்டு ஆண்டுகளின் பின், 1979இல், அக்கட்சியின் பட்டியலிலேயே சுயேச்சையாக நின்று ஐரோப்பியப் பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். ரோம் ஒப்பந்தத்தை எதிர்த்த அக்கட்சியை எவரும் ஆணையிட்டு மாற்றவில்லை. நீண்ட வாதத்தினாலும் அனுபவத்தினாலும் அது மாறிற்று. அவரது கருத்துகளும் அக்காலத்தில் மாறாமலிருக்கவில்லை. சர்வதேசியம் வளர்வதற்கு இவ்வழி மெதுவானது என்போர் உளர். மற்றைய வழியில் விரைந்து சென்றவர்கள் இன்று எங்கே நிற்கின்றனர் என்பதை எமது ஆசிரியரும் மாணவரும் ஆராய்ந்து பார்ப்பாராக. இலட்சியத்தின் பெயரால் மக்களைத் தாண்டிச் செல்லும் கட்சிகள் ஐரோப்பாவில் மட்டுமே தோன்றுவனவல்ல.